விருந்தாளியாகப் போய் வாருங்கள்

(ராயபுரத்துச் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கியத்தார் பத்து நாள் ஊழியப் பயணமாக யாழ்ப்பாணம் புறப்படும் முன் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னை அழைத்தது வாழ்த்துரைக்கு. ஐந்து நிமிடம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. செயலாளர் தம்பியிடம் சொல்லி முக்கால் மணி நேரமாக ஆக்கிக்கொண்டேன். வாழ்த்த ஐந்து நிமிடம் போதும்தான். ஆனால் எனக்குக் கொஞ்சம் வம்பும் பேச வேண்டியிருக்கிறது.

நான் துறைமுகத்தில் 31 வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை பெட்டி ஏறியது, எது கிழிந்திருந்தது, எது நனைந்திருந்தது என்று எண்ணி எழுதுவது வேலை. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. கல்யாண வீட்டில்கூட வாழைக்குலையை எண்ணுவேன். அதனால் போன வாரம் தம்பி என்னிடம் பயணச் சாமான் பட்டியலைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். கிடார் இரண்டு. பொம்மலாட்டப் பொம்மைகள் ஒரு பெட்டி. விடுமுறை வேதாகமப் பள்ளிப் புத்தகம் முந்நூறு. நோட்டு, பென்சில், பிஸ்கட். மாத்திரை மருந்து ஒரு பெட்டி. பழைய துணி மூன்று மூட்டை. பேனர் ஒன்று.

ஏறுகிற சாமான் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். இறங்குகிற சாமானுக்குப் பட்டியலில் இடமே இல்லை. திரும்பி வரும்போது என்ன கொண்டுவருவீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு தாளை நான் வேலை பார்த்த இடத்தில் நீட்டியிருந்தால் சூப்பர்வைசர் அதை என் தலையிலேயே சுற்றிவிட்டிருப்பார். (சிரிப்பு) பழைய துணியை மட்டும் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் துணிக்கடை இருக்கிறது. அவர்கள் நம்மைவிட நன்றாகவே உடுத்துகிறவர்கள்.

பேனரில் ‘வெளிநாட்டு ஊழியப் பயணம்’ என்று அச்சடித்திருக்கிறது. பாஸ்போர்ட் கேட்பதால் வெளிநாடுதான், மறுக்கவில்லை. ஆனால் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி இதே சென்னையில், கதீட்ரல் சாலை ஜார்ஜ் பேராலயத்தில், தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த மண்டலங்களில் ஒன்று யாழ்ப்பாணம். அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். தமிழ் வேதாகமம் எப்படி எப்படி மொழிபெயர்க்கப்பட்டது என்று வரலாறு எழுதியவர். நீங்கள் ஞாயிறுதோறும் வாசிக்கிற பைபிளின் கதையை நமக்குச் சொன்னவரே அந்தக் கரைக்காரர்.

இன்னும் பின்னால் போங்கள். அமெரிக்க மிஷன்காரர்கள் 1816-ல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கினார்கள். இருபது வருஷம் கழித்து, 1836-ல், அங்கிருந்து இரண்டு பேர் சென்னைக்கு வந்தார்கள். ஒருவர் மருத்துவர் ஜான் ஸ்கட்டர், இன்னொருவர் மிரான் வின்சுலோ. அவர்கள் இறங்கி மிஷன் நிலையம் வைத்த இடங்களில் நம் ராயபுரமும் உண்டு. அந்த வின்சுலோ பெயரில்தான் 1862-ல் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேல் சொற்கள். அதற்கான சொல் சேகரிப்பு அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் தொடங்கிவிட்டது. அங்கிருந்த தமிழ்ப் பண்டிதர்கள் உழைப்பு அதில் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை, அட்டையில் அவர்கள் பெயரும் இல்லை. ஆக, ராயபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊழியம் போகிறோம் என்று நீங்கள் கிளம்புவதற்கு 190 வருஷம் முன்னாலேயே யாழ்ப்பாணத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்துவிட்டார்கள். பேனரைத் திருத்தச் சொல்லவில்லை, அச்சடித்த காசு வீணாகும். விமான நிலையத்தில் மட்டும் விரித்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு வாலிபனின் பயணத்தைச் சொல்கிறேன். உங்கள் பயணத்துக்கு மிகக் கிட்டத்தில் வருவது அதுதான்.

திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். அது அன்றைக்குத் தாம்பரத்தில் இல்லை, ஐகோர்ட்டுக்கு எதிரே எஸ்பிளனேடில் இருந்தது. இங்கிருந்து நடந்தே போகிற தூரம். பட்டம் வாங்காமலே வெளியே வந்து ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளரானார். ஊர் ஊராகப் போய் மாணவர்களிடம் பேசுவது வேலை. 1902-ல், 28 வயதில், யாழ்ப்பாணத்துக்குப் போனார். பிரசங்கம் செய்யத்தான் போனார், உங்களைப் போல. கூட அமெரிக்க நண்பர் ஷெர்வுட் எட்டி.

அங்கே போனதும் அவருக்கு ஒரு சங்கதி தெரியவந்தது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தாங்களாகவே ஒரு அயல்நாட்டு மிஷனரிச் சங்கம் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் காசு இல்லாமல், தங்கள் காசில் ஒரு ஊழியரை அனுப்பியிருந்தார்கள். எங்கே தெரியுமா? நம் கரைக்கு. ராமநாதபுரம் பக்கம் தொண்டிக்கு. அந்தக் கடற்கரையை இங்கிருந்த எந்த மிஷனும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. திருநெல்வேலியில் அதற்குள் லட்சத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், கோபுரம் வைத்த கோயில்கள் இருக்கின்றன, ஆனால் பக்கத்து மாவட்டத்துக்கு ஊழியர் வருவது பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து! போதிக்கப் போனவருக்குத் தலை குனிந்துபோனது. அந்த வெட்கத்தை அவர் மறைக்கவில்லை, ஊருக்கு வந்து சொன்னார். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆள் நம்முடையவர், பணம் நம்முடையது, நிர்வாகம் நம்முடையது என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியே போடுகிற பெண்களின் பிடியரிசிக் காணிக்கையும் இப்படிப்பட்ட சங்கங்களைத்தான் நடத்தியது. அடுத்த வருஷமே நிஜாம் சீமையின் தோர்ணக்கல் பக்கத்துக்கு முதல் ஊழியரை அனுப்பினார்கள். 1909-ல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே போய்ச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, என் தொழில்புத்தியில் நான் கேட்ட கேள்வி இது: யாழ்ப்பாணப் பயணத்தில் அசரியா இறக்கிய சரக்கு என்ன, ஏற்றி வந்த சரக்கு என்ன? அங்கே செய்த பிரசங்கம் ஒன்றாவது இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. ஏற்றி வந்த வெட்கம்தான் நூறு வருஷத்துக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அசரியா பேச எழுந்தார். எங்களுக்காக நீங்கள் உழைத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எல்லாவற்றுக்கும் நன்றி, ஆனால் எங்களை உங்கள் வீட்டு மேசையில் உட்கார வைக்கவில்லையே, எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்கிற பொருளில் பேசினார். சபையில் பலருக்கு முகம் சிவந்தது. யாரைப் பார்த்துச் சொன்னார்? பத்து நாள் வந்து போகிறவர்களைப் பார்த்தல்ல. முப்பது, நாற்பது வருஷம் இங்கேயே இருந்து, இங்கேயே கல்லறையும் கட்டிக்கொண்டவர்களைப் பார்த்து.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குறுகிய காலப் பயணத்தைக் குறை சொல்கிறவர்கள் எப்போதும் நாளைத்தான் எண்ணுவார்கள். பத்து நாளில் என்ன கிழிக்க முடியும் என்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். உதாரணத்துக்கு நம் ரெய்னியைக் காட்டுவேன். இந்தக் கூட்டத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், பாதிக்கு மேல். ஸ்காட்லாந்திலிருந்து மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயில் 1888-ல் சென்னைக்கு வந்தார். சின்னதாக ஒரு மருந்தகத்தில் தொடங்கினார். ஜி.ஏ. ரோட்டில் இன்றைக்கு நாம் பார்க்கிற ஆஸ்பத்திரி வர 1914 ஆயிற்று. 26 வருஷம்! ஆண் டாக்டர் தொட்டால் ஆகாது என்று பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த அம்மையார் பத்து நாளில் திரும்பியிருந்தால் இங்கே கை தூக்கினவர்களில் பலருடைய பாட்டி இருந்திருக்க மாட்டார்.

ஆகவே தங்கினால்தான் ஊழியம் என்று பேசுவேன். பிறகு அசரியாவின் எடின்பரோ பேச்சைப் படித்தேன். நாற்பது வருஷம் தங்கியும் ஒரு வேளை சோற்றுக்குப் பக்கத்தில் உட்காராதவர்களும் உண்டு, ஒரு சில வாரம் போய் வாழ்க்கையே திசை மாறி வந்தவரும் உண்டு என்று தெரிந்ததும் என் வாதம் பாதி கரைந்துபோனது. நாளை எண்ணுவதை விட்டுவிட்டேன். யார் வீட்டில் யார் சாப்பிட்டார் என்று எண்ணுகிறேன்.

நம்மூருக்கு வந்தவர்கள் கதைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு திருவொற்றியூர் பக்கத்துக் குப்பம் ஒன்றில், சபை சார்பில் சாமான் கணக்கு எழுதப் போயிருந்தேன். வெளிநாட்டு வாலிபர் கூட்டம் ஒன்று வந்தது. தங்கமான பிள்ளைகள். ஒரே நிற பனியன். பால்வாடிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது என்று முடிவுசெய்து வந்திருந்தார்கள். சுவர் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்தது. உப்புக் காற்றில் பொரிந்துபோய், கையால் தடவினால் மாவாக உதிரும். அதைச் சுரண்டிவிட்டு, கழுவி, காயவைத்து, பிறகுதான் பெயின்ட் தொட வேண்டும். அவர்களுக்கு அது தெரியவில்லை. இருந்தது மூன்று நாள். விலை உயர்ந்த பெயின்ட்டை அப்படியே மேலே பூசினார்கள். மீன், நட்சத்திரம், கைகோத்த குழந்தைகள். பார்க்க அழகு. எதிரே கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஒருவர் உட்கார்ந்து மூன்று நாளும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தெருப் பெயின்டரே அவர். அலை அடித்த நாளிலிருந்து அவருக்கு வேலையில்லை. ‘அண்ணே, நீங்க சொல்லக் கூடாதா’ என்று கேட்டேன். ‘கேட்டாத்தானே சொல்றதுக்கு’ என்றார். அடுத்த மழையில் மீனும் நட்சத்திரமும் தகடு தகடாகக் கழன்று விழுந்தன. அவரேதான் பிறகு சுண்ணாம்பு அடித்தார். கூலி யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், அதை இங்கே சொல்வது அவருக்கு மரியாதையில்லை.

இது நம் குப்பத்துக் கதை மட்டும் இல்லை. 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அடித்துப் போட்டது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னால் அதை ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால் அவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் ஆட்களை வைத்துக் கட்டியது 2,000 டாலர். சரி, வந்து போனவர்களின் மனசாவது மாறியிருக்குமே என்று பார்த்தால், ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் வாழ்க்கையிலோ காணிக்கையிலோ பெரிய மாற்றம் தென்படவில்லை. மெக்சிகோவில் 1968-ல் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குரு அமெரிக்க மாணவர்களை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு இன்னும் காரமாகப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலை ஏறுங்கள், பூவை ரசியுங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். எனக்கு அவ்வளவு காரம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அதில் பாதி சரி என்றே நினைக்கிறேன்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரைக்கு வந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் பாறைக்கு இடுக்கெல்லாம் தார் மாதிரி கெட்டியாக நின்றது. மோட்டார் வைத்து உறிஞ்சப் பார்த்தார்கள், கெட்டிச் சேற்றில் அது அடைத்துக்கொண்டது. கடைசியில் வாளிதான். மாணவர்கள் வந்தார்கள், மீனவர்கள் வந்தார்கள், நாங்களும் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் போனோம். பாறையிலிருந்து மேட்டுவரை வரிசையாக நின்று வாளி கைமாற்றினோம். சாயங்காலம் என் கையைப் பார்த்தேன், முழங்கை வரை கறுப்பு. சோப்பு போட்டால் இன்னும் பரவுகிறது. அப்போது ஒரு அம்மா, மீன் விற்கிறவர், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்தார். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, பழைய லுங்கித் துண்டை அதில் நனைத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டார். நகக்கண்ணுக்கு விளக்குமாற்றுக் குச்சி. எண்ணெயை எண்ணெய்தான் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். ஒரு வாரமாக அந்தக் கரையில் ஒருத்தரும் மீன் வாங்கவில்லை, அந்த வீட்டில் அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணம் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தார். கிளம்பும்போது கேட்டார்: ‘நாளைக்கும் வருவியா கண்ணு?’

‘வரேன்மா’ என்றேன்.

போகவில்லை. மறுநாள் ஷிஃப்ட், அடுத்த நாள் உடம்பு வலி, அதற்கடுத்த நாள் மறந்துவிட்டது. எங்கள் போட்டோ மட்டும் சபைப் பத்திரிகையில் வந்தது, நான் வாளியோடு நிற்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்கள் மக்கை வைத்து மொண்டுகொண்டிருந்தபோதுதான் அந்தத் தெருவுக்கு மறுபடி போனேன். ஆறு வருஷம், பத்து மாசம். அந்த அம்மா வீடு மாறிப் போயிருந்தார். யாருக்கு யார் ஊழியம் செய்தது என்று அன்றைக்கு டாலி போட்டுப் பார்த்தேன். என் பக்கத்தில் நாற்பது வாளி. அந்த அம்மா பக்கத்தில் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய். என் பக்கம்தான் இன்னும் பாக்கி நிற்கிறது.

இதைக் கேட்டதும் சில பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள். அடுத்து என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும்: ‘எண்ணூர் இருக்கும்போது யாழ்ப்பாணம் எதற்கு? பஸ் ஏறினால் போகிற தூரத்தில் ஊழியம் கிடக்கிறதே.’ மன்னிக்க வேண்டும், இந்த வாதத்தை நான் ஏற்க மாட்டேன். முப்பது வருஷமாக ஒவ்வொரு கமிட்டியிலும் இதைக் கேட்கிறேன். இதைச் சொன்னவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் போகவில்லை, எண்ணூருக்கும் போகவில்லை. பிள்ளைகள் எங்கேயாவது போகட்டும். தூரத்தில் விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொண்டவன் பக்கத்துத் தெருவுக்கும் ஒழுங்காகப் போவான்.

சரி, யாழ்ப்பாணத்தில் உங்களை என்ன கேட்பார்கள் என்று சொல்லிவைக்கிறேன், திடுக்கிடாமல் இருக்க. நான் ஒரு முறை போயிருக்கிறேன். குருநகரில், கடற்கரையில், வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் சென்னை ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் என்று பெருமையாகச் சொன்னேன். நம்மாள் என்று கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘உங்கட ஆக்களின்ர இழுவைப் படகு எப்ப நிக்கும்?’ என்றார்.

அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும், உங்களில் பாதிப் பேர் கடல் வீட்டுப் பிள்ளைகள். போர் நடந்த காலம் முழுக்க வடக்கு மீனவர்கள் கடலில் இறங்கவே தடை, கெடுபிடி. 2009-க்குப் பிறகு வலையை எடுத்துக்கொண்டு இறங்கினால், ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்து இழுவை மடிப் படகுகள் ராத்திரியில் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. அடிமண்ணோடு வாரிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம் பத்திரிகைகளில் வருவது நம் மீனவர் கைது, படகு பறிமுதல். அந்தப் பக்கத்தில் வலை போனவனும் தமிழ் மீனவன்தான் என்பது இங்கே செய்தியாக வருவதில்லை. காசிமேட்டுப் படகுகள் அங்கே போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், நம் படகுகள் வடக்கே ஆந்திரக் கரைப்பக்கம் போய் வம்பு வாங்குகிறவை. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், அங்கேயும் இதே கதைதான். இன்னும் வேடிக்கை, விசைப்படகு மீன்பிடியை நம் நாட்டில் பரப்பியதில் பெரிய பங்கு நார்வேக்காரர்களுக்கு உண்டு. 1950-களில் கொல்லம் பக்கத்தில் நார்வே உதவித் திட்டம் வந்தது. ஏழை மீனவர்களுக்கு நல்லது செய்யத்தான் வந்தார்கள். அதன் வால் இறாலைத் துரத்திக்கொண்டு எங்கெங்கோ போய், கடைசியில் குருநகர்க்காரர் வலையில் முடிந்திருக்கிறது.

அந்த மனிதரின் பிள்ளைகளுக்கு நீங்கள் பொம்மலாட்டம் காட்டப் போகிறீர்கள். காட்டுங்கள். ஆனால் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டால், ‘நாங்க அரசியல் பேச வரலைங்க’ என்று நழுவாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். அறுந்த வலையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஊருக்கு வந்து இங்கே மீனவர் சங்கத்துப் பெரியவர்களிடம் அதைச் சொல்லுங்கள். அசரியா தலை குனிந்து வந்து சொன்னாரே, அது மாதிரி.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலா விசாவில் போய் ஊழியக் கூட்டம் போடுவது பல நாடுகளிலும் சிக்கல். நம் நாடே வெளிநாட்டு மிஷனரிகளுக்குத் தனி விசா வைத்திருக்கிறது, சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கித்தவர்களைத் திருப்பி அனுப்புகிறது. நேபாளத்தில் மதம் மாற்ற முயன்றால் சிறை. என்ன விசாவுக்கு எழுதிக் கொடுத்தீர்களோ அதை மட்டும் செய்யுங்கள். அழைக்கிற சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், போலீஸ் போய் விசாரிப்பது அவர்களைத்தான். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க வாலிபர் அந்தமானில் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் உயிர்விட்டார். உலகம் முழுக்க அவரைத் தியாகி என்றும் முட்டாள் என்றும் பேசினார்கள். எனக்கு ஞாபகம் நிற்பது வேறு: காசு வாங்கிக்கொண்டு அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட ஏழை மீனவர்கள் கைதாகி உள்ளே போனார்கள். படகுக்காரன் குடும்பத்தில் பிறந்த நாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் யோசிக்க வேண்டும்.

இப்போது விருந்தாளி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. விருந்தாளி வீட்டுக்காரரைத் திருத்த மாட்டான். சமையலைக் குறை சொல்ல மாட்டான். அவர்கள் வீட்டுச் சுவரைக் கேட்காமல் பெயின்ட் அடிக்க மாட்டான். குழந்தையைத் தூக்கிவைத்துப் போட்டோ எடுப்பதற்கு முன் அதன் அம்மாவைப் பார்ப்பான். கூழ் ஊற்றினால் குடிப்பான், யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் நண்டும் மீனும் கிடக்கும், காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு சிரமமா! பத்து நாளில் ஐந்து நாள் நிகழ்ச்சியைக் குறைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் வீடுகளுக்குப் போங்கள். அவர்களுடைய போர்க் கதையைச் சொல்லும்படி துருவாதீர்கள், சொன்னால் வாயைத் திறக்காமல் கேளுங்கள். சொல்லி முடித்ததும் உடனே ஜெபம் பண்ணி முடித்துவைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது சில சமயம் அவர்கள் வாயை அடைக்கிற மாதிரி ஆகிவிடும்.

இதற்கு மேல் புத்தி சொன்னால் நான் விருந்தாளி இலக்கணத்தை மீறினவனாவேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன், இது பிள்ளைகளிடம் இல்லை, பெரியவர்களிடம். விருந்து என்றால் ஒரு தடவை போய் வருவதோடு முடியாது, மறு விருந்து உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அடுத்த வருஷம் அந்த ஊர் வாலிபர்கள் இருபது பேரை நாம் இங்கே அழைக்க வேண்டும். நமக்குப் பிரசங்கம் பண்ணட்டும். எர்ணாவூர்க் கரையைப் பார்க்கட்டும், காசிமேட்டில் நம் சங்கத்தாரோடு வலையைப் பற்றி நேருக்கு நேர் பேசட்டும். லாட்ஜில் போடக் கூடாது. வீட்டில் தங்க வேண்டும், நம்மோடு சாப்பிட வேண்டும்.

வாசல் மேசையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். எந்த வீட்டில் எத்தனை பேருக்கு இடம் என்று போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரி நான் எழுதியாயிற்று: மாடியறை, இரண்டு பேர், ஃபேன் உண்டு, குளியலறை கீழே.